கடைசி வரிசைக்கு ஏத்த கேமரா

இல்லீங்க சசிகுமார் சார், கேமரா நல்லா இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? ரெண்டுமே ராஜா மாதிரிதான் இருக்குது. விக்கறதுக்கு மெட்ராஸ்லேருந்து பஸ்ஸுல மடியிலயே வெச்சிகினு வந்தீங்களே, பெத்த புள்ளயக் கூட அப்படித் தூக்கியாரமாட்டாங்க. மொதல்ல டீயக் குடிங்க, ஆறுது. மேடம்லாம் வேணாம். ஸ்டூடியோவுக்கு வர்றவங்க எல்லாம் கூப்புடற மாதிரி இசைப்பிரியான்னே கூப்புடுங்க.

என்னது, இப்பவே முடிவு சொல்லணுமா? பொண்ணு பாக்க வந்தவங்க கூட வூட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்னு கெளம்புவாங்க. நீங்க பஜ்ஜி வாயில இருக்கச்சவே தட்ட மாத்திக்கலாமான்றீங்களே!

அட, சாம்பிளுக்குக் கொண்டாந்த அந்தப் பொண்ணு படத்த மறுபடியும் காட்டாதீங்க சார். நாலு தடவ பாத்துட்டேன். மூஞ்சி மட்டும் பளிச்சுனு இருக்குது, பின்னாடி எல்லாம் வெண்ண மாதிரி உருகிக் கெடக்குது. அழகுதான், யாரு இல்லன்னா? கல்யாண ஆல்பத்துக்கு அப்படித்தான் கேப்பாங்க. பின்னாடி நிக்கிற நாத்தனார மங்கலாக்கிக் குடுத்தா ஸ்வீட் பாக்ஸே குடுத்தனுப்புவாங்க. ஆனா எனக்கு அந்த மங்கல்தான் ஆவாதுங்க. படம் பதியற சென்சார் பெருசா வேணும், அதோட ஒட்டிகினு வர்ற மங்கல் வேணாம். ஆமா, பிரியாணி வேணும், கறி வேணாம்னு சொல்றாப்புலதான் இருக்கும். சிரிங்க, பரவால்ல.

எதுக்குன்னா, ரிட்டயர்மெண்ட் போட்டோவுக்கு. உங்க ஊர்ல ரிட்டயர்மெண்ட்னா ஒரு சால்வ, ஒரு கேக்கு, முடிஞ்சிது. இங்க அப்படி இல்லீங்க. நெலக்கரி மைன்ஸ்ல கடைசி நாளு அந்த ஷிப்ட்டே தெரண்டு வந்து மெஷினுக்கு முன்னாடி நிக்கும். மெஷின்னா தையல் மெஷின் இல்ல சார், மண்ண வெட்டுற பக்கெட் வீல் மெஷினு, கோயில் கோபுரம் ஒசரம். அதுவும் முழுசா வரணும், ஆளுங்களும் வரணும். ரிட்டயர் ஆவுறவரு மாலையோட நடுவுல. பக்கத்துல நாற்காலியில ஆபீசருங்க. அடுத்து பர்மனென்ட் ஆளுங்க. அதுக்கும் பின்னால பெஞ்சு போட்டு ஏத்தி விடறது காண்ட்ராக்ட் ஆளுங்கள. யாரும் சொல்ல வேணாம், அவங்கவங்களே அவங்கவங்க எடத்துக்குப் போயிடுவாங்க.

நாளைக்கு நம்ம கோபாலகிருஷ்ணன் சாரோடது. திருநெல்வேலிக்காரரு, ஷிப்ட் இன்சார்ஜு. அவரு சம்சாரம் கமலாம்மா புதுசா கட்டுன வூட்டு ஹால் செவுரு மொத்தத்துக்கும் ஒரே படமா கேட்டிருக்காங்க. அவ்ளோ பெருசா போட்டா என் பழைய கேமராவுல சார் மட்டும் சிரிப்பாரு. பெஞ்சு மேல நிக்கிறவங்க எல்லாம் கொட்டிப் போன மொளகு மாதிரி இருப்பாங்க.

அதான் மத்தியானம் உங்கள வெயில்ல நிக்க வெச்சேன். ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்கள நாலு வரிசையா நிறுத்தி, மைன்ஸ் ஹெல்மெட்ட எரவல் வாங்கி மாட்டுங்கன்னதும் நீங்க பாத்த பார்வ இருக்குதே! இந்தம்மாவுக்குப் புத்தி ஏதாவது பெசகிடுச்சான்னு நெனச்சிருப்பீங்க. ஷிப்ட் மாறுற நேரம்தான் எல்லாரும் சேந்து கெடைப்பாங்க சார். அது உச்சி வெயிலு. ஹெல்மெட் நெழலு மூக்கு வரைக்கும் எறங்கிடும். கண்ணே தெரியாது. அத போக்க பிளாஷ் அடிக்கணும்.

இங்கதான் உங்க ரெண்டு கேமராவுல அந்த ஜப்பான்காரன் என்ன ஏமாத்திட்டான். நல்ல பையன், கையில எடுத்தா கனமே இல்ல, ஸ்க்ரீன்ல தொட்ட எடம் தெளிவாவுது, விலையும் தோது. ஆனா அவ்ளோ வெயில்ல பிளாஷோட ஒத்துப்போவ மாட்டேன்றான். இன்னொண்ணு, ஸ்வீடன்காரன், லென்சுக்குள்ளயே ஷட்டர வெச்சிகினு இருக்கான், வெயிலாவது ஒண்ணாவதுன்னு பிளாஷ வாங்கிக்கறான். என்ன, ஒரு படம் புடிச்சிட்டு அடுத்ததுக்குக் கொஞ்சம் யோசிக்கறான். பரவால்ல, எங்க ஆளுங்களும் அப்படித்தான்.

இதப் பாருங்க, மத்தியானம் அவன்ல எடுத்தத பெருசு பண்றேன். நடுவுல எதுக்குப் பாக்கறீங்க? நடுவுல எந்தக் கேமராவுலயும் வரும். இங்க, கடைசி வரிசை, எடது ஓரம். ஆட்டோ ஸ்டாண்டு ராஜேந்திரண்ணன். ஹெல்மெட்டுக்குக் கீழ கண்ணு தெரியுதா? வெத்தல போட்ட பல்லு கூடத் தெரியுது. புருவத்துல வெட்டுக் காயம் பாருங்க! இவ்ளோ நாளு பழகியும் நான் பாத்ததில்ல சார்.

சரி. ஸ்வீடன்காரனையே வெச்சிட்டுப் போங்க. ஆமா, நெசமாத்தான். லோன் பேப்பர அப்புறம் பாத்துக்கலாம், டீ இன்னொண்ணு சொல்றேன்.

ஏன் அந்த ஓரத்தையே புடிச்சிகினு தொங்கறேன்னா? அது ஒண்ணுமில்லீங்க. உங்க தலைக்கு மேல கறுப்பு ப்ரேம் போட்டு ஒரு படம் இருக்குதே, எந்திரிச்சுப் பாருங்க. யாரோ ஒரு ஆபீசரு ரிட்டயர் ஆனப்ப எடுத்தது. அவரு பேரு கூட தெரியாது எனக்கு. பெஞ்சு மேல எடது ஓரத்துல ரெண்டு பேரு நிக்கிறாங்களே, அதுல ஒருத்தரு எங்கப்பா. கண்ணையன். காண்ட்ராக்ட்ல இருந்தாரு. அந்த வருஷமே போயிட்டாரு.

வேற படம் கெடையாதுங்க. மைன்ஸுக்குள்ள போற கேட் பாஸ்ல ஒண்ணு இருந்துது, அதையும் திருப்பி வாங்கிகினாங்க. மாலை போடலாம்னு இத எத்தினியோ தடவ பெருசு பண்ணிப் பாத்துட்டேன். ஹெல்மெட்டு வருது, நெழலு வருது. மூஞ்சி வரமாட்டேன்குது சார்.

பக்கத்துல நிக்கிறதா? நம்ம ராஜேந்திரண்ணன்தான். ஆட்டோ வாங்குறதுக்கு முன்னாடி அப்பாவோட ஒண்ணா வேல பாத்தவரு. அவரையே கேட்டேன், இதுல எதுண்ணே நீ, எது எங்கப்பான்னு. கண்ணாடிய மாட்டிகினு ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு. ஒண்ணு நானு, ஒண்ணு உங்கப்பன்னு சொன்னாரு.

அதான் அப்பா தெவசத்தன்னிக்கு எங்கம்மா படத்துல ரெண்டு பேருக்குமே சேத்துப் பொட்டு வெச்சிடுது. உசுரோட இருக்குற மனுஷனுக்கு வெக்கலாமாம்மான்னு கேட்டா, அவரே ஒண்ணும் சொல்லல, நீ ஏண்டி பேசறேன்னுது. படைச்ச வடையில அவரு பங்கையும் குடுத்தனுப்பிடுது. அவரும் வருஷா வருஷம் ஆட்டோவுல ஒக்காந்து சாப்புட்டுட்டு, தட்டக் கழுவிக் குடுத்துட்டுப் போறாரு.