சப்ரினின் அறிவிப்பில் நான் அடித்த வரி

மாண்பமை தலைவர், இக்கல்லூரியின் முதல்வர் கார்த்திகேய சிவம் அவர்களே! சிவகங்கையிலிருந்தும் கல்லலிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் படிக்க வைத்ததோடு நில்லாமல், அவர்கள் படிப்பது என்னவென்று கேட்கவும் வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

‘பெண்களும் கணினியும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். பெண்கள் என்று பொதுவாகப் பேச எனக்கு வராது. ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன். என் வீட்டு மாடியில் குடியிருக்கும் சப்ரின். மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள். மேடைக்கு வா என்றதற்கு மாட்டேன் என்றவள்; எழுந்து போய்விடுவாள்.

அவள் செய்யும் வேலை என்ன? திரையில் ஓடும் விளையாட்டு, மருத்துவர் பார்க்கும் படம், கட்டும் முன்பே காட்டுகிற வீடு, இவற்றையெல்லாம் வரைய, நிரல் எழுதுவோர் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பொது நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது; லைப்ரரி என்பார்கள். அதைப் பழைய முறையில் பயன்படுத்துவது, கல்யாணச் சமையலில் பத்து அடுப்புக்கும் பத்துப் பேர் ஒரே மசாலாவைத் தனித்தனியே அரைப்பது போல. மாட்யூல் என்பது புது முறை. ஒருவர் ஒருமுறை அரைத்தால் போதும். எல்லா அடுப்பும் அள்ளிக்கொள்ளும். ஆனால் அடுப்பு மூளும் முன் மசாலா அரைபட்டிருக்க வேண்டாமா? கம்பைலர் என்பது நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி; ஒரு கம்பைலர் அரைத்தது இன்னொரு கம்பைலரின் அடுப்புக்கு ஆகாதே, அதைப் பார்க்க வேண்டாமா? எதற்குப் பின் எது என்று வரிசை பார்த்து ஏவ ஒரு மேற்பார்வை வேண்டும். அதுதான் பில்டு சிஸ்டம். மாட்யூலுக்காக அதை இரண்டாண்டாகக் கட்டிக் காப்பவள் சப்ரின். கம்பைலர் மாறினால் அவள் மாற்ற வேண்டும். உலகில் எவன் கணினி முரண்டு பிடித்தாலும் ஏச்சு அவளுக்கு. ஊதியம்? கிடையாது.

இந்த அம்மாளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. தெரிந்துகொண்டேன், தம்பி. தவறு செய்தவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆம், தவறு செய்தவள் நான். நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு ஆண்டு சுருக்கெழுத்தராக இருந்தேன். சாட்சி இருமினால்கூட இருமினார் என்று எழுதினேனே தவிர, ஒருவர் சொல்லை என் விருப்பத்துக்கு ஒரு நாளும் திருத்தியதில்லை. கான்வென்ட்டில் கற்ற ஆங்கிலம் எனக்குக் கிரீடம். சென்ற ஐப்பசியில் சப்ரின் அந்த லைப்ரரிக்காக ஓர் அறிவிப்பு எழுதி, ஆங்கிலம் சரிதானா என்று பார்க்கக் கொடுத்தாள். அதில் ஒரு வரி: “மாட்யூல் வசதி இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது, சில கம்பைலர்களில் உடையலாம்.” எனக்குப் பொறுக்கவில்லை. விருந்துக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி, குழம்பு கெட்டிருக்கலாம் என்று எந்தக் குடும்பப் பெண் சொல்வாள்? அடித்தேன் அந்த வரியை. சிவப்பு மையில் அடித்தேன். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், உன் பேனாவைக் கொஞ்சம் மூடு என்றிருப்பார். சப்ரின் தயங்கினாள். பிறகு மூத்தவள் சொன்னாளே என்று அப்படியே வெளியிட்டாள்.

பதினைந்து நாளில் நாற்பத்தொரு புகார். எச்சரிக்கை இல்லாததால் நம்பி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் உடைந்தது. இதை எழுதியவர் பொய்யரா, மூடரா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே சப்ரின் பதில்: “தவறு என்னுடையது.” படித்துவிட்டு மாடிப்படி ஏறினேன். மூட்டு வலியோடு ஏறினேன். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“திருத்துனது நீங்க. சரின்னு அனுப்புனவ நான்தானம்மா. உக்காருங்க, மூச்சு வாங்குறீக.”

அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூசியது. அன்றே அந்த லைப்ரரியின் பொறுப்பாளர்களுக்கு என் பெயரில், என் ஆங்கிலத்தில், நடந்ததை எழுதினேன். அடித்த வரி பழைய இடத்துக்கு வந்தது. அவர்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். மூன்று வகைக் கணினியில், மூன்று பேர், வாரந்தோறும் அந்தப் பில்டு சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து நடந்ததை எழுத வேண்டும். வருகிற வெள்ளிக்குள் மூன்று பெயர் சேராவிட்டால், அடுத்த பதிப்பில் மாட்யூல் வசதி நீக்கப்படும். இரண்டாண்டு உழைப்பு, இரண்டே வரியில் போய்விடும்.

ஒரு பெயர் சப்ரின். இரண்டாவது யார்? நான். சிரியுங்கள், பரவாயில்லை. மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த மடிக்கணினியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் வேண்டியதைச் சப்ரின் ஏற்றித் தந்தாள். சனிக்கிழமை காலை ஓட்டுகிறேன். முதல் வாரமே பதினொரு வரிப் பிழை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? வந்ததை வந்தபடி எழுதத் தெரியாதவளா நான்? புள்ளி விடாமல் அனுப்பினேன். ஒன்பதாவது வரியைப் பார்த்துவிட்டுச் சப்ரின் மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“அரைக்கிறதுக்கு முந்தியே அடுப்பைப் பத்த வச்சிருக்கும்மா! மத்தவக எல்லாம் ‘ஓடல’ன்னு ஒத்த வார்த்தையில எழுதிட்டுப் போயிட்டாக.”

ஒரு மணி நேரத்தில் சரிசெய்தாள். நாற்பத்தொரு புகாரில் பதினேழு அன்றே தீர்ந்தன.

இரண்டு பெயர் இருக்கிறது. எங்கள் இருவருடையதும் வேறு வேறு வகை; மூன்றாவது, விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் வேண்டும். இந்த அரங்கில் இருநூறு கணினிப் பொறியாளர்களை எதிர்காலமாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு எதிர்காலம் வேண்டாம், வெள்ளிக்கிழமை வேண்டும்! மேதை வேண்டாம், மாறாதவர் வேண்டும். கெட்டிக்காரர் வேண்டாம், கேட்டதைச் சொல்பவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?

...கதவருகே ஒரு கை. மாணவர் இல்லையே? முதல்வர் சொல்கிறார், கணினி ஆய்வகப் பொறுப்பாளர் தேவாவாம். என்ன கேட்கிறீர்கள், தேவா? வாரம் ஒரு நாள் போதுமா என்றா? போதும், ஐயா. ஆனால் எல்லா வாரமும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எதையும் அடிக்காமல்: இது உடையும். அடிக்கடி உடையும். உடைந்த அன்று உடைந்தது என்று எழுதுவதுதான் வேலை. இதைக் கேட்ட பிறகும் வருகிறீர்களா?

கையை இறக்கவில்லை. தாய்மார்களே, அவர் கையை இறக்கவில்லை!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தலைப்பை மீறியதைப் பொறுத்த தலைவருக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக வீடு சேருங்கள், வணக்கம். தேவா, நீங்கள் மட்டும் முன்னால் வாருங்கள். உங்கள் முன்னெழுத்தைச் சொல்லுங்கள், சரியாக எழுதிக்கொள்கிறேன்.