வெந்நீர்ச் சந்து

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் கப்பலிலே போன காலம். அந்தக் காலத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால், சரக்கு அடுக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே, ஒரு சந்து இருந்ததாம். ஏழு வீடு, ஒரு கிணறு, அவ்வளவுதான். சந்துக்குப் பெயர்கூடக் கிடையாது. பெயர் வந்தது அங்காயி வந்த பிறகு. எப்படி வந்தது? அதுதான் கதை.

அங்காயிக்குப் பரமக்குடிப் பக்கத்தில் ஒரு வறண்ட ஊர். அவள் புருஷன் மூக்கையா துறைமுகத்தில் தோங்கானில் வேலை பார்த்தான். தோங்கான் என்றால், கப்பல் கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும்போது மூட்டைகளை ஏற்றிக் கரை சேர்க்கும் பெரிய படகு. இடுப்பில் சோலை என்று ஒரு பெண் குழந்தை. அப்போதுதான் நிற்கப் பழகியிருந்தாளாம்.

ஊரில் அவர்களுக்கு இல்லாதது நிறைய. ஆனால் விறகுக்குக் காசு கொடுத்ததில்லை. கருவேலங்காட்டில் ஒடித்துச் சுமந்து வந்தால் விறகு. பட்டணத்திலோ தண்ணீர் ஒன்றுதான் சும்மா கிடைத்தது. வாடகைக்குக் காசு, விறகுக்குக் காசு, கறிவேப்பிலைக்கும் காசு. சம்பாதிக்கிறது ஒரு கை, செலவழிக்கிறது பட்டணம். அங்காயியும் வேலைக்குப் போகலாம்தான். பக்கத்துக் கிட்டங்கியில் பாக்கு உடைக்கப் பெண்களை எடுத்தார்கள். ஆனால் இடுப்பில் பிள்ளையோடு வருகிறவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அதனால் அங்காயி காலையில் ஒருவேளைதான் உலை வைப்பாள். மதியத்துக்கும் அதுதான், ராத்திரிக்கும் அதுதான். சாயங்காலம் சமைக்க ஒன்றும் இராது. இருந்தாலும் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஏன் பற்ற வைத்தாள்? அவள் ஊர் வழக்கம் அப்படி. பொழுது சாயும் நேரத்தில் ஒரு வீட்டில் புகை எழவில்லை என்றால், "அங்கே யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஊரே ஓடிவரும். சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்புப் புகையாது. கடல் தாண்டி வந்தாலும் அந்த வழக்கம் கூடவே வந்துவிட்டது. அதோடு, இந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று அக்கம்பக்கம் நினைத்துவிடக் கூடாதே என்ற ரோஷமும் வந்துவிட்டது. ஆகவே பானையில் தண்ணீரை ஊற்றி, மூடியைப் போட்டு, அடுப்பில் ஏற்றிவிடுவாள். மேலே மூடி, நடுவே தண்ணீர், அடியில் எரிவது மூக்கையாவின் கூலி.

தை பிறந்தது. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் புறப்படப் போகிறது என்று துறைமுகத்தில் பேச்சு. மூக்கையா ஒருநாள் சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தானாம்.

"இந்தா புள்ள, நீயும் சோலையும் இந்தக் கப்பல்ல ஊருக்குப் போயிருங்க. நான் இங்கயே கூட்டத்தோட கூட்டமாப் படுத்துக்கிட்டுச் சம்பாதிச்சு அனுப்புறேன்."

அந்தச் சந்தில் அப்படிப் பெண்டாட்டியை அனுப்பிய ஆண்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் வருகிறேன் என்பார்கள். வருஷம் போகும், தலை நரைக்கும். அங்கே பிள்ளை அப்பன் முகம் தெரியாமலே மீசை முளைத்து நிற்கும்.

"ஒரு கூலியில ஒரு அடுப்பு எரிக்கவே முடியலங்கிறீங்க. ரெண்டு நாட்டுல ரெண்டு அடுப்பு எப்படிங்க எரியும்?" என்றாள்.

மூக்கையா மறுநாள் விடியலில் ஒரு பெரிய கப்பலிலிருந்து சரக்கு இறக்கப் போனான். திரும்ப இரண்டு மூன்று நாளாகும். வேலை முடிந்து வருகிற வழியில் நாகப்பட்டினக் கப்பலில் இடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான்.

அவன் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழை வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அங்காயியின் அடுப்பு அணைந்து கிடந்தது. தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. விளக்கு வைத்த பிறகு யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சிரட்டை, ஒரு கையில் சோலை, பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீடு தையல்நாயகி வீடு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, அங்காயியைவிட மூத்தவள். அவள் புருஷனும் அதே கப்பலுக்குத்தான் போயிருந்தான். பார்த்தால் இருவரும் சிரிப்பார்கள். ஆனால் ஒருத்தி வீட்டில் ஒருத்தி கை நனைத்ததில்லை.

"அக்கா, ஒரு கங்கு நெருப்பு குடுங்க."

தையல்நாயகி அடுப்பை மறைத்துக்கொண்டு எழுந்தாளாம். "இரு இரு, நானே எடுத்துத் தர்றேன், நீ அங்கயே நில்லு" என்று சிரட்டையை வாங்கினாள். அடுப்பில் பானை தளதளவென்று கொதித்தது. கங்கு எடுக்க அவள் குனிந்த நேரம், வாங்கிக்கொள்ள அங்காயியும் கிட்டே வந்து குனிய, சோலை எட்டி மூடியைத் தட்டிவிட்டாள். மூடி உருண்டது. பானைக்குள்ளே ஒரு பருக்கை இல்லை. வெறும் தண்ணீர்.

தையல்நாயகியின் முகம் சுண்டிப் போயிற்று. "அவர் குளிக்க வெந்நீர் வச்சேன்" என்றாள். அவர்தான் நடுக்கடலில் கப்பலில் இருக்கிறாரே.

அங்காயி நினைத்தால் கங்கை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பார்க்காதவள் போலப் போயிருக்கலாம். போகவில்லை. உருண்ட மூடியை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்:

"எங்க வீட்டுப் பானையிலயும் இதுதான்க்கா தினமும் வேகுது."

தையல்நாயகி அவளைப் பார்த்தாள். அங்காயியும் அவளைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தெரியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது கொஞ்ச நேரம் வேறு நீராகவும் இருந்து, மறுபடி சிரிப்பானதாம்.

பிறகு இருவருக்கும் ஒரே சந்தேகம். அடுத்த வீட்டில் என்ன வேகிறது? கேட்டார்கள். வெந்நீர். எதிர்வீடு? வெந்நீர். கிணற்றடி வீடு? வெந்நீர். பெண்பிள்ளை இருந்த வீடெல்லாம் மேலே மூடி, நடுவே தண்ணீர், அடியில் எரிவது புருஷன் கூலி. ஒருத்திக்கு இன்னொருத்தி பணக்காரியாகத் தெரிய, ஊரைவிட்டு ஊர் வந்து, விறகை விலைக்கு வாங்கி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி ஒரே அடுப்பு மூட்டுவோம். விறகுக் காசு மிச்சம். நாளைக்கு வச்சிருக்கிற அரிசியைக் கொண்டாங்க, ஒண்ணா உலை வைப்போம்" என்று, தையல்நாயகி வீட்டுப் பின்கட்டில் கூடிய பெண்களிடம் சொன்னாள் அங்காயி.

கடைசி வீட்டுச் செல்லாண்டியம்மாள் கரூர்ப் பக்கம். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அதெப்படிங்க ஆகும்? நீங்க எந்த ஊரோ, நாங்க எந்த ஊரோ. யாரு வீட்டுச் சோத்த யாரு திங்கறதுங்க?"

மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். ஊரில் இருந்திருந்தால் அவர்களில் ஒருவர் கிணற்றில் ஒருவர் தண்ணீர் மொண்டிருக்க மாட்டார்கள். அங்காயி சண்டைக்குப் போகவில்லை. தன் வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து, தையல்நாயகியின் பெரிய பானையில் ஊற்றினாள்.

"சரிங்கம்மா, சோறு இருக்கட்டும். முதல்ல எல்லாரும் அவங்கவங்க தண்ணியை இதுல ஊத்துங்க."

ஊற்றினார்கள். தண்ணீர்தானே என்று செல்லாண்டியம்மாளும் ஊற்றினாள்.

"இப்ப யாருக்குத் தனியா வேணுமோ, உங்க வீட்டுத் தண்ணியை மட்டும் மொண்டுக்கிட்டுப் போங்க" என்றாள் அங்காயி.

செல்லாண்டியம்மாள் அகப்பையைப் பானைக்குள் விட்டாள். எடுத்தாள். பார்த்தாள். திரும்ப ஊற்றினாள். "கெட்டிக்காரிதான் கண்ணு நீயி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முறத்தில் அரிசியோடு திரும்பி வந்தாளாம்.

அந்தத் தண்ணீரிலேயே உலை கொதித்தது. மறுநாள் காலையிலும் ஒரே அடுப்பு. சோறு வடித்தபடியே செல்லாண்டியம்மாள்தான் சொன்னாள், "அடுப்பப் பாக்கற ஒருத்தி புள்ளைங்களயும் பாத்துக்கலாமுங்க. மத்தவங்க முறை போட்டுப் பாக்கு உடைக்கப் போங்க."

அன்றைக்குச் சாயங்காலம் மூக்கையா திரும்பினான். கப்பலில் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் இடம் சொல்லிவிட்டு, கனத்த மனசோடு சந்துமுனைக்கு வந்தான். வந்தவன் அப்படியே நின்றான். பொழுது சாய்கிறது, அவன் வீட்டில் புகை இல்லை.

ஓடினானாம். தோளில் இருந்த துண்டு விழுந்தது, எடுக்கவில்லை. வீட்டுக்குள் அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. அங்காயி இல்லை, சோலை இல்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் படுத்துக்கொள்வேன் என்று சொன்னானே, அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அந்த வெறும் வீட்டில் நின்றபோதுதான் தெரிந்தது என்று, கிழவனான பிறகும் சொல்வானாம்.

அப்போது பக்கத்து வீட்டுப் பின்கட்டில் சோலை சிரிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தான். சந்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் சோலை, முகமெல்லாம் பருக்கை. அங்காயி அகப்பையோடு நிமிர்ந்தாள். கையெல்லாம் பாக்குக் கறை.

"ஏங்க இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க, சோறு போடுறேன்."

உட்கார்ந்தான். சுடுசோறு. சாயங்காலத்தில் சுடுசோறு கண்டு எத்தனை காலமாயிற்று. ஒரு வாய் வைத்தான், மென்றான், மெதுவாகச் சொன்னான்:

"கப்பல்ல சொல்லி வச்ச இடத்தை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிர்றேன்."

அங்காயி இன்னொரு அகப்பை போட்டாள்.

அதிலிருந்துதான் அது வெந்நீர்ச் சந்து. அங்காயியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், சோலையும் பேரன் பேத்தி கண்டபின் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அங்கே வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பு. இருந்தாலும் போகிப் பண்டிகை அன்று சாயங்காலம் எல்லா அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். கிணற்றடியில் கல் கூட்டி ஒரே அடுப்பு மூட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சந்துக்குப் புதிதாகக் குடிவந்த புருஷன் பெண்டாட்டி யாரோ, அவர்கள்தான் முதல் சொம்பு ஊற்ற வேண்டும். தமிழர் என்றில்லை, எந்த நாட்டிலிருந்து வந்தவர்களானாலும் சரி. தண்ணீர் கொதித்ததும் மூத்த பெண்பிள்ளை ஒருத்தி மூடியைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவாள்.

"பாத்துக்குங்க, வெறும் தண்ணிதான்" என்பாள்.

"எங்க வீட்டுலயும் இதுதான்" என்று சந்தே பதில் சொல்லும்.

பிறகுதான் அரிசி விழும்.

சொன்னவர் வாய் குளிரட்டும், கேட்டவர் அடுப்பு எரியட்டும், அங்காயி பெயர் உலை கொதிக்கும் இடமெல்லாம் நிலைக்கட்டும்.