கசக்காத சொட்டு

என் அண்ணனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது லேசான வேலை இல்லை, சார். லாரி ஓட்டிய முரட்டு உடம்பு. ஒரு சொட்டுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி இமையை இறுக்கிக்கொள்ளும். விட்ட பிறகு, "தொண்டையெல்லாம் கசக்குதுடா" என்று என்னைத்தான் திட்டுவான். அந்த மருந்து அப்படித்தான். கண்ணில் விட்டால் தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் என்பதால் அண்ணி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்.

கண்ணில் அழுத்த நோய். வலது கண் மங்கியதும் லைசென்ஸ் போயிற்று. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டால், "எதுக்கு? நான் எந்த லோடை இறக்கப் போறேன்?" என்பான். ஒருநாள் அண்ணி அவன் தலையணைக்கடியிலிருந்து தூக்க மாத்திரைகளை எடுத்து வந்து என் கையில் கொட்டினார். உபவாசம் இருந்து அவனுக்காக ஜெபித்தேன். அவனோ, "உன் ஏசுகிட்ட சொல்லி எனக்கொரு டிரைவர் வேலை வாங்கிக் குடு. மேல லாரி இருக்குமில்ல?" என்று கிண்டல் செய்தான்.

ஒரு சாயங்காலம் மருந்து தீர்ந்திருந்தது. கடையிலிருந்து எடுத்துவர மறந்துவிட்டேன். சொன்னால் கத்துவான். கண் கழுவும் உப்புத் தண்ணீரைக் காலிப் புட்டியில் நிரப்பினேன். ஒருவேளைதானே என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலடா. எனக்காக ஒரு ஜெபம் பண்ணு" என்றான். ஜெபித்தேன். சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கசக்கலடா," என்றான். "கர்த்தர் கேட்டுட்டாருடா."

அப்புறம் அழுதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் நல்ல மருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எப்படி விடுவது, நீங்களே சொல்லுங்கள். கசந்தால் கர்த்தர் கைவிட்டார் என்று நினைப்பான். மறுபடி மாத்திரையைத் தேடுவான். அதனால் உப்புத் தண்ணீரையே விட்டேன். அவன் சாப்பிட ஆரம்பித்தான். அண்ணியிடம் சிரித்துப் பேசினான். கண் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் என்னை விளையாட்டில் சேர்க்காமல் விரட்டியவன், இப்போது என் கையைப் பிடித்தபடிதான் சபைக்கு வருவான். நான் வேதம் வாசிக்க, அவன் கேட்பான். அவன் முகத்தில் இருந்த சமாதானம் எனக்கு இல்லை. முழங்கால் போட்டால் அந்த உப்புத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். பாவி, பாவி என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கை அதுபாட்டுக்குப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு சபையில் அவன் சாட்சி சொல்ல எழுந்தான். மருந்தின் கசப்பைக் கர்த்தர் எடுத்துப்போட்ட கதையைச் சொன்னான். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அங்கே வரும் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் புது மருந்தோடு வீட்டுக்கே வந்தாள். "இடது கண்ணையாவது காப்பாத்திடலாம். தவறாம விடுங்க," என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேற்று மறுபடி வந்தாள். அதே புட்டியிலிருந்து தானே ஒரு சொட்டு விட்டாள்.

"கசக்குதாண்ணா?"

"இல்லம்மா. எல்லாம் அவர் கிருபை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆமாம், அந்தப் புது மருந்தையும் நான்தான் கொட்டினேன். இடது கண்ணில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தேதான் கொட்டினேன். அவன் கர்த்தரை விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கண் தெரிந்தால் என் கையை விட்டுவிடுவான் என்று பயந்துதான் செய்தேன் என்று அண்ணி சொல்கிறாராம். அதை மட்டும் எழுத வேண்டாம், சார்.