பதினேழாம் எண் தட்டைப் படித்த அம்மையாருக்கு

சளியையும் கோழையையும் கண்டு முகம் சுளிக்காத சால்பே! கண்ணுக்குத் தெரியாக் கிருமியைக் கண்ணாடிச் சில்லில் கண்டு காட்டிய கூர்மையே! முப்பத்தோர் ஆண்டுகள் இம்மருத்துவமனை ஆய்வகத்தின் அச்சாணியாய் இருந்து இன்று விடைபெறும் அம்மையீர், எங்கள் எல்லாருக்கும் 'சளியக்கா'வே, வணக்கம்.

மரபுப்படி இந்த வாழ்த்து மடலில் தங்கள் குணநலன்களை அடுக்கியிருக்க வேண்டும்; அடுக்கித்தான் இருந்தோம். 'ஒருநாளும் விடுப்பெடுக்காத உழைப்பின் உருவமே' என்ற வரியைத் தாங்களே பேனாவால் அடித்துவிட்டு, "இதுக்குப் பதிலா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தத எழுதுங்க. இல்லன்னா மடலே வேணாம்" என்றீர்கள். ஆகவே, அவையோரே, நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம்.

அந்த ஆண்டு, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. நான்கு பேர் சளியிலும் ஒரே கிருமி. அதைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த ஏழு வில்லைகளை வைத்துப் பார்த்தார் அக்கா. ஐந்து வில்லைகளின் விளிம்புவரை அது கூசாமல் வந்து ஒட்டி வளர்ந்திருந்தது; அந்த ஐந்து மருந்தும் அதனிடம் பலிக்கவில்லை. மிஞ்சிய இரண்டு மருந்துகளை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் மல்லுக்கட்டினார்கள். மூன்று குழந்தைகள் தேறின. குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை ஆறாம் நாள் இறந்துபோனது.

கிருமி எங்கிருந்து வந்தது? மூச்சுக்குழாய்கள், கை கழுவும் தொட்டி, கதவுப் பிடி என எல்லாவற்றையும் துடைத்தெடுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. யோசனை சொன்னவர் அக்காதான்.

"இது மனுஷன் மூக்குல சத்தமில்லாம குடியிருக்கும் டாக்டர். அந்த ஆள ஒண்ணும் பண்ணாது. உள்ள போற அத்தன பேர் மூக்கையும் பாக்கணும்."

"சரி, நர்ஸுங்களப் பாக்கலாம். லேப் ஆளுங்க எதுக்கு?" என்றார் பிரிவின் தலைமை மருத்துவர்.

"தினம் காலைல குழந்தைங்க குதிகால்ல குத்தி ரத்தம் எடுக்கறது நான்தானே? என்னையும் சேத்துக்குங்க."

மொத்தம் இருபத்தாறு பேர். தட்டுகளில் பெயர் இல்லை, எண் மட்டும். சில தட்டுகளில் வளர்ந்தவை எல்லா வில்லைகளுக்கும் பணிந்துவிட்டன. பதினேழாம் எண்ணில் மட்டும் அதே பொன்னிறப் பொட்டுகள், அதே ஐந்து வில்லைகளின் தோல்வி. அக்கா பதிவேட்டைப் புரட்டினார். பதினேழு, அவர்தான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாரம் முழுக்க அவருக்கு ஜலதோஷம். சளி பிடித்தவர் மூக்கிலிருந்து இந்தக் கிருமி பல மடங்கு பரவும் என்று புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர். அப்படியிருந்தும், விடுப்பெடுக்காத பெருமையில், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார்.

பக்கத்து மேசையில் இருந்த எங்களில் ஒருவர், அவர் முகம் வெளுத்ததைக் கண்டு எழுந்துவந்து பதிவேட்டைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"நம்பர் மாறியிருக்கும்க்கா. இத ஆவியில அவிச்சுத் தூக்கிப் போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"தட்டத் தொடாத," என்றார் அக்கா. "அது சாம்பிள்."

தட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாடியேறினார். தலைமை மருத்துவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "குழந்தைங்ககிட்டேருந்து உங்களுக்கு ஒட்டியிருக்கவும் வாய்ப்பிருக்கு. எது முந்தின்னு நம்ம சோதனையில தெரியாது" என்றார்.

"சரி டாக்டர். இறந்துபோன குழந்தையோட அம்மாகிட்ட அதையும் சேத்துச் சொல்லிடலாம்."

நிர்வாகம் வேண்டாம் என்றது. அக்கா விடவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒரு தையல்காரர். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப உங்களாலதானா?"

"இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியல. ஆனா இருக்கலாம். சளியோட நான் வந்திருக்கக் கூடாது."

அந்தத் தாய் எழுந்து போய்விட்டார். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை. அக்காவும் அதைக் கேட்டுப் போகவில்லை.

மூக்கில் பூசிய முதல் களிம்புக்குக் கிருமி அசையவில்லை. இரண்டாவது களிம்பும் மருந்துக் குளியலுமாக ஐந்து வாரம் ஆயிற்று. மூன்று முறை சுத்தம் என்று வந்த பிறகே பிரிவுக்குள் காலெடுத்து வைத்தார். அதற்குள் நிர்வாகத்தை நச்சரித்து, சளி பிடித்தவர் சம்பளத்தோடு வீட்டிலிருக்கலாம் என்று விதி வாங்கியிருந்தார். அந்தக் கிருமியால் அங்கே இன்னொரு குழந்தை படுக்கவில்லை.

அம்மையீர்! சிறந்தவர் என்று நாங்கள் நம்பியவருக்கே இப்படி நேர்ந்ததே என்ற திகைப்பு இன்னும் எங்களைவிட்டு அகலவில்லை. தங்களைத் தேற்ற எங்களிடம் சொல் இல்லை. ஒரு செய்தி மட்டும் உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை எங்கள் மூக்கையும் சோதிக்கிறோம் அல்லவா? கீழே கையெழுத்திட்டவர்களில் நால்வரிடம், வெவ்வேறு ஆண்டுகளில், மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. நால்வரும் அன்றைக்கே, யாரும் கேட்காமல், மாடியேறிச் சொன்னோம்.

தடையில்லா மூச்சும் தளராத உடலும் தாங்கள் நெடுநாள் பெற்றிருக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
ஆய்வகத்தாரும் பச்சிளங்குழந்தைகள் பிரிவினரும்