முப்பத்தாறு மைல்

எனக்குக் கம்பளி பின்னத் தெரியும். ஸ்வெட்டர், தொப்பி, கையுறை எல்லாம் வரும். காலுறையில் குதிகால் திருப்பம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை.

போர் விமானம் ஓட்டுகிறவனுக்கு இது என்ன வேலை என்று நீங்களும் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் எங்கள் காத்திருப்பு அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை. பறக்கும் உடையை முழுசாக மாட்டிக்கொண்டு, மணி அடித்தால் ஐந்தாவது நிமிடம் வானத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவோடு, மணியே அடிக்காத எட்டு மணி நேரம். சிலர் சீட்டாடுவார்கள். சிலர் வாயைப் பிளந்து தூங்குவார்கள். நான் பின்னினேன். ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். குளிர்காலம் வந்ததும் ஒவ்வொருவனாக வந்து, "வாத்தியாரே, எனக்கு ஒரு தொப்பி" என்று பல்லைக் காட்டினான். புதிதாக வருகிறவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவன் என்பதால் தளத்தில் எல்லோருக்கும் நான் வாத்தியார்தான். இருபத்தோரு வருடம்.

பின்னலில் கண்ணிகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நான் எண்ணிக்கையில் தவறு விடுகிறவன் இல்லை. எண்ணைச் சரியாகச் சொல்லாத விமானி அதிக நாள் உயிரோடு இருப்பதும் இல்லை. ஆகவே இந்த விசாரணையில் நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு, அந்த எண் வாய் தவறி வந்ததா என்ற கேள்விக்கு, இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

குருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என் தங்கையின் கணவன். ஆள் சின்ன உருவம், ஓர் இடத்தில் உட்கார மாட்டான், அதனால் அந்தப் பெயர். எங்கள் பிரிவுக்கு வந்த முதல் நாளே அவன் விமானத்தை இறக்கிய விதத்தைப் பார்த்து, இவன் கையில் சரக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். அவளுக்கு இவனைப் பார்த்துப் பேசி முடித்தவனும் நான்தான். விமானிக்குத் தங்கையைக் கொடுப்பாயா என்று தளத்து டாக்டர் கேட்டார். நல்ல விமானிக்குக் கொடுப்பேன் என்றேன்.

என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவர்களுடையது. வேலையில் என்னை 'சார்' என்பான். வீட்டு வாசலைத் தாண்டினால் 'மச்சான்'. தினமும் மாலை தளத்து நீச்சல் குளத்தில் நாற்பது சுற்று நீந்துவான். ஈரத் தலையோடு வந்து என் சமையலறையில் நின்றபடியே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டுப் போவான். அவன் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. பொறாமையா என்று கேட்டீர்கள். அதுவும் கிடையாது.

எனக்குத் தலைசுற்றல் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திடீரென்று அடிவானம் சாய்ந்துவிடும். ஏழெட்டு விநாடிதான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நேராகிவிடும். காதுக்குள் ஏதோ கோளாறு என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் அன்றோடு தரையில் உட்கார வேண்டியதுதான். தரையில் உட்கார்ந்த விமானிகளை நான் பார்த்திருக்கிறேன். கிடங்குப் பொறுப்பு கொடுப்பார்கள். விமானம் தலைக்கு மேல் போகும்போது, கையில் இருக்கும் பேனாவை அப்படியே நிறுத்திவிட்டு, சத்தம் ஓயும்வரை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குருவி கண்டுபிடித்துவிட்டான். ஒரு புதன்கிழமை மாலை, தங்கை வீட்டுப் படிக்கட்டில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவன் வந்தான்.

"மச்சான், தலை சுத்துதா?"

"தூக்கம் பத்தல. வேற ஒண்ணுமில்ல."

"இது நாலாவது தடவ. போன வாரம் மேல போனப்போ உங்க இறக்கை சும்மாவே சாஞ்சுது. பக்கத்துல நான்தானே வந்தேன்."

"காத்து."

"காத்துன்னா என்னோடதும் சாஞ்சிருக்கணும்ல." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். "திங்கக்கிழமை நீங்களே டாக்டர்கிட்ட போயிடுங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க மச்சான். அவளுக்குன்னு இருக்கறது நீங்க ஒரு அண்ணன்தான்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னது நியாயம். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சரி, திங்கட்கிழமை போகிறேன் என்று சொன்னேன். போகவும் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் இருவருக்கும் கடல் மேல் தாழ்வாகப் பறக்கும் பயிற்சி. நான் முன்னால், அவன் வலப்பக்கம் சற்றுப் பின்னால். அந்த உயரத்தில் கரையில் இருக்கும் ரேடாருக்கு நாங்கள் தெரிய மாட்டோம், பயிற்சியே அதற்குத்தான். இரண்டும் பழைய விமானங்கள். எங்கே போனோம் என்பதைப் பதிந்து வைக்கும் கருவி அவற்றில் இல்லை.

இடது பக்கம் திரும்பி முடித்து நேராக்கும்போது கடலும் வானமும் இடம் மாறின. நான் நேராக்குவதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தேன். ரேடியோவில் "சார், வலது, சார்" என்றான். அப்புறம் "மச்சான்" என்றான். ரேடியோவில் அவன் என்னை அப்படி அழைத்தது அந்த ஒரு முறைதான். என் இறக்கை அவன் விமானத்தின் வாலைச் சீவிக்கொண்டு போனது.

அவன் கைப்பிடியை இழுத்து இருக்கையோடு வெளியேறிவிட்டான். நல்ல கை என்று சொன்னேனே. அரை விநாடி தாமதித்திருந்தாலும் முடிந்திருக்கும். பாராசூட் விரிந்தது. எனக்கு இறக்கை நுனி போயிருந்தது, ஆனாலும் பறந்தது. தலைசுற்றல் நின்றுவிட்டது. நான் இரண்டு சுற்று சுற்றினேன். அவன் இருக்கையோடு மடித்து வைத்திருக்கும் ரப்பர் படகில் ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஆட்டினான். அந்தப் படகு நல்ல ஆரஞ்சு நிறம். நான் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டேன், அங்கேயே இரு என்று அதற்குப் பொருள். இதை என் முதல் அறிக்கையில் நான் எழுதவில்லை. பாராசூட் கடலில் விழுந்ததைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்று எழுதினேன்.

படகோடு ஒரு சிக்னல் கருவி இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் அது தானாகவே கத்த ஆரம்பிக்க வேண்டும். நான் அந்த அலைவரிசைக்கு மாறிக் கேட்டேன். சத்தமில்லை. மறுபடி கேட்டேன். இல்லை.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவன் எங்கே இருக்கிறான் என்பது உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் அப்போது பதற்றத்தில் இல்லை. பதற்றம் என்று எழுதிக்கொண்டால் எனக்குச் சாதகமாக இருக்கும் என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். அது உண்மையில்லை. மேலே ஏறிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். எங்கே என்று கேட்டார்கள். முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்திலிருந்து எழுபது மைல், நூற்றுப் பத்து டிகிரி என்றேன். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் கவனமானவள். "ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க சார்" என்றாள். நூற்றுப் பத்து என்று திருப்பிச் சொன்னேன். அவன் இருந்தது நூற்று நாற்பதில். எழுபது மைல் தொலைவில் முப்பது டிகிரி என்பது முப்பத்தாறு மைல் கடல். அதை இறங்கும் வழியிலேயே கணக்குப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளலாம். கடல் அன்று அமைதியாக இருந்தது, அவனோ நீச்சல்காரன். ஆனால் நான் இறங்கியதும் கமாண்டர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நீ இந்த இறக்கைய வெச்சிக்கிட்டு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்யா" என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். அவன் ஆடிக்கொண்டே வந்து என்மேல் உரசிவிட்டான் என்றேன். அதைச் சொன்ன பிறகு எண்ணைத் திருத்துவது கடினமாகிவிட்டது. எண்ணைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவன் கரைக்கு வந்து உட்கார்ந்தால் இன்னும் பல வாக்கியங்கள் வரும்.

நான்கு நாள் தேடினோம். நான்கு நாளும் தேடும் விமானத்தில் நான் இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் கண் சிவந்து நீர் வடிந்தது. டாக்டர் சொட்டு மருந்து போட்டு, "போதும், போய்ப் படுங்க" என்றார். நான் படுக்கவில்லை. ஒவ்வோர் அலையிலும் ஆரஞ்சு நிறத்தைத் தேடினேன். ஒரு தடவை ஏதோ மிதந்தது. கத்தி விமானத்தைத் திருப்பச் சொன்னேன். உடைந்த பெட்டி. நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் அந்த ஏமாற்றம் நிஜம். அங்கே அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கண்களுக்குத் தெரியாது.

தங்கை என் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் எழுந்து நின்று என் முகத்தைப் பார்ப்பாள்; பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"அண்ணா, அவருக்குத்தான் நல்லா நீந்தத் தெரியுமே. தாங்குவாரு, இல்ல?"

"தாங்குவான்மா."

"படகுல தண்ணி இருக்கும்ல, குடிக்க?"

"இருக்கும். சிக்கனமா குடிச்சா அஞ்சு நாள் வரும்."

நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் திங்கட்கிழமை. மத்தியானம் கமாண்டர் அறையில் கூட்டம். வானிலைப் பிரிவு அம்மா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் விழுந்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு துண்டாவது கிடைத்திருக்க வேண்டும் என்றார். "இடத்துல ஏதோ தப்பு இருக்கு. எனக்கு என்னமோ தெற்க போய்ப் பாக்கணும்னு தோணுது" என்று விரலை வைத்தார். விரல் கிட்டத்தட்ட அவன் மேலேயே இருந்தது.

கமாண்டர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க. தெற்க போலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையன்கள் நான்கு நாளாகத் தூங்கவில்லை. விமானங்கள் ஓய்ந்து போயிருந்தன. களைத்த விமானி தாழ்வாகப் பறந்தால் இன்னொரு உயிர் போகும். நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "வேண்டாம் சார்" என்றேன். "நான் பாத்த இடம் எனக்கு நல்லாத் தெரியும். போதும், நிறுத்திக்கலாம்." கமாண்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வானிலைப் பிரிவு அம்மா விரலை எடுத்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார்.

பதினோராம் நாள் ஒரு மீன்பிடிப் படகு அவனைக் கொண்டுவந்தது. அவன் தொடையில் கட்டியிருந்த குறிப்பு அட்டையை நீங்கள் நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எல்லா விமானிகளும் கட்டிக்கொள்வதுதான். பென்சிலும் கூடவே இருக்கும். முதல் நாள் எழுதியிருக்கிறான்: "மச்சான் ரெண்டு சுத்து சுத்தி இறக்கை ஆட்டிட்டுப் போனார். பாத்துட்டார். ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க." அந்த வரியை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இரண்டாம் நாள்: "வடக்க விமானச் சத்தம். ரொம்பத் தூரம்." மூன்றாம் நாளும் அதேதான். நான்காம் நாள் மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறான்.

ஐந்தாம் நாள் எழுதியதை நீங்கள் மெதுவாகப் படித்தீர்கள். "யாரும் வரல. மச்சான் போய்ச் சேரல போல. திரும்பற வழியில தல சுத்தி விழுந்துட்டார்னு நினைக்கறேன். நான் புதன்கிழமையே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது. ரெண்டு பேரும் இல்லன்னா அவ என்ன பண்ணுவா."

ஆறாம் நாள் தேதி மட்டும் போட்டிருக்கிறான்.

ஆக, நான் போதும் என்று சொன்ன நேரத்தில் அவன் உயிரோடு இருந்தான். அவன் இருந்த இடம் எனக்குத் தெரியும். விரல் வைத்துக் காட்டினார்கள், வேண்டாம் என்றேன். அவனைக் கொன்றது நான். இந்த வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் நீங்கள் படித்துக் காட்டியதை நான் கவனமாகக் கேட்டேன். ஆறு நாளில் அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாக எழுதவில்லை. என் தங்கைக்கு இந்தத் தாளைக் கொடுக்கும்போது, அதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவனே என்னைக் குற்றம் சொல்லவில்லை என்று.