நாலு தையல் போட்ட துண்டு

விலை குறைந்த மைக்ரோஃபைபர் துண்டு வண்டியின் பெயின்ட்டைக் கீறிவிடும் என்று சொல்கிறவர்களுக்குத் துவைக்கத் தெரியாது. விஷயம் அவ்வளவுதான். பதினோரு வருடமாக நான் மொத்தக் கடையில் கட்டுக்கட்டாக விற்கிற மலிவுத் துண்டுகளைத்தான் வாங்குகிறேன். வாங்கி வந்ததும் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கீறுவது அதுதான். பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. முதல் சலவை முடிந்ததும் ஒரு பழைய சிடியின் முதுகில் தேய்த்துப் பார்ப்பேன். கோடு விழாவிட்டால் அந்தத் துண்டு பெயின்ட்டுக்கு. விழுந்தால் சக்கரத்துக்கு.

நீங்கள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்கு வேண்டாத விவரமாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த நாற்காலியில் ஈரம் இல்லை, உட்காருங்கள்.

வண்டிகளைக் கழுவி மெருகேற்றித் தருகிற இந்தக் கார் டீட்டெயிலிங் கடையை நானும் என் கணவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். பாலிஷ் அவர் கையில். வண்டியின் உள்பக்கமும் துண்டுகளும் என் கையில். நான்கு நிறம் வைத்திருந்தேன். மஞ்சள் பெயின்ட்டுக்கு, நீலம் கண்ணாடிக்கு, பச்சை சீட்டுக்கு, சிவப்பு சக்கரத்துக்கு. சிவப்பை மட்டும் தனி வாளியில்தான் ஊறவைப்பேன். சக்கரத்தில் பிடித்த கறையை எடுக்கிற மருந்து அமிலம். பையன்கள் அதற்குக் கையுறை இல்லாமல் கிட்டவே போக மாட்டார்கள். ஒரே ஒரு சிவப்புத் துண்டு பெயின்ட் பக்கம் போய்விட்டால்கூட அந்த வண்டியின் கதை முடிந்தது. பதினோரு வருடத்தில் ஒன்றுகூடப் போனதில்லை. என் கணவர் எதையும் சரிபார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் வைக்கிற துண்டு சரியாக இருக்கும். எங்கள் குடித்தனம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

ஒரு வெள்ளை வண்டியின் பானெட் மீது குனிந்திருந்தபோதே அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. நாற்பத்தெட்டு வயது.

பதினைந்தாம் நாள் அவருடைய தம்பி வந்தார். கொழுந்தன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, தம்பி என்றே கூப்பிடுவேன். "ஒரு மாசம் கூட இருந்து பாத்துக்கறேன் அண்ணி. நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் அப்போது சாப்பிடக்கூட மறந்துபோய் இருந்தேன். ஒரு சாயங்காலம் சில காகிதங்களைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தார். அக்கறையான மனிதர். மூன்றாவது மாதம் கடை வாசலில் புதுப் பலகை ஏறியது. பையன்கள் அவரை மேனேஜர் என்றார்கள். என் கணவருடைய நாற்காலிக்கு அவர் புது உறை போட்டார்.

"நீங்க ஏன் வெயில்ல நின்னு கஷ்டப்படணும் அண்ணி? உள்ள நிழலா இருக்கும்" என்று என்னை இந்த அறைக்கு அனுப்பினார். நீங்களே பாருங்கள். ஜன்னல் கிடையாது. இரண்டு சலவை இயந்திரம், ஒரு கொடி, ஒரு மேஜை. நிழல்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அடுத்து நிறங்கள். விளம்பரத்துக்காக அவர் எடுத்துப் போடுகிற கடை வீடியோக்களில் கலர் கலராகத் துண்டு தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. "சந்தைக்கடை மாதிரி இருக்கு அண்ணி. பெரிய ஷாப்ல எல்லாம் ஒரே கலர்தான்" என்று நானூறு சாம்பல் நிறத் துண்டுகளை இறக்கினார். என்னுடைய மஞ்சளும் நீலமும் மூட்டையாகக் குப்பை வண்டியில் போயின. துண்டில் குறை சொல்ல மாட்டேன். நான் வாங்குகிற அதே மலிவு ரகம்தான், நல்ல துண்டுகள்.

"எல்லாம் ஒரே கலரா இருந்தா எது எதுக்குன்னு எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். போனில் எதையோ பார்த்துக்கொண்டே சொன்னார்.

அது நியாயமான பதில்தான். நான் சாம்பல் நூல் வாங்கி வந்தேன். நானூறு துண்டின் மூலையிலும் தையல் போட்டேன். பெயின்ட்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு இரண்டு, சீட்டுக்கு மூன்று, சக்கரத்துக்கு நான்கு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தினமும் காலையில் பிரித்து நான்கு கூடையில் வைப்பேன். பையன்கள் எடுத்துப் போவார்கள். எப்படிப் பிரிக்கிறேன் என்று அந்த மேனேஜருக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்கலாம்.

வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வீடியோவும் ஒரே மாதிரிதான் முடியும். மேஜை மேல் அடுக்கிய துண்டுகளில் மேலே இருப்பதை எடுத்து முகத்தில் அழுத்தித் தேய்ப்பார். கண், மூக்கு, எல்லாம். "பாத்தீங்களா, குழந்தை முகத்தையே தொடைக்கலாம். அவ்ளோ சாஃப்ட்" என்பார். துண்டைக் கையில் தொடுகிற ஒரே நேரம் அதுதான். துடைத்ததும் தரையில் போட்டுவிட்டுப் போவார். அதை எடுத்து, துவைத்து, மடித்து மறுபடி மேலே வைப்பது நான். ஏழு வீடியோவில் ஏழு முறை வைத்தேன்.

எட்டாவது வீடியோவின்போது ஒரு வாடிக்கையாளரும் நின்றுகொண்டிருந்தார். பழைய ஆள். என்னைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா ஓனரோட சம்சாரம்தானே?" என்று கேட்டார். தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவங்க துண்டு துவைக்கிறவங்க சார்" என்றார். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்து, "நம்ம ஷாப்ல துண்டு துவைக்கவே தனி ஆள் இருக்குன்னா பாத்துக்குங்க" என்றார். மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு தையல் போட்டது. நான் அன்று காலையில்தான் சிடியில் தேய்த்துப் பார்த்திருந்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். கோபத்தில் செய்கிறவர்கள் அன்றைக்கே செய்துவிடுவார்கள். நான் ஒன்பதாவது வீடியோவரைக்கும் காத்திருந்தேன். நடுவில் பன்னிரண்டு நாள். வழக்கம்போல அவருக்குக் காலையில் டீ கொடுத்தேன். அவருடைய சட்டையில் பித்தான் விட்டுப்போயிருந்தது, தைத்துக் கொடுத்தேன்.

அந்த நாளும் சாதாரண நாள்தான். காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சம். அன்று தம்பி தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். நான் இங்கே கையுறை போட்டுக்கொண்டு, நாலு தையல் போட்ட துண்டு ஒன்றை எடுத்தேன். அலசாத துண்டு. அதில் சக்கர மருந்து போதாது என்று தோன்றியதால் கொஞ்சம் சேர்த்தேன். பிழிந்து, விசிறிக்காற்றில் பிடித்தேன். மேலே தொட்டால் புதுத் துண்டு மாதிரி ஆகும்வரை பிடித்தேன். வாசனையா? இந்தக் கடையில் எல்லாமே அந்த வாசனைதான். மற்றவற்றைப் போலவே நான்காக மடித்து, அடுக்கின் மேலே வைத்தேன். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. மடிப்பில் நான் என்றும் சோம்பல் பட்டதில்லை.

மீதியை நீங்கள் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அவர் போட்ட சத்தத்தை மட்டும் நான் விவரிக்கவில்லை. குழாயடிக்குக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனது நான்தான். நடந்துதான் போனோம். ஓடியிருக்கலாம்.

வலது கண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அதோடு நான் சும்மா இருந்திருப்பேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கடை தானாக என் கைக்கு வந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? மஞ்சள், நீலத் துண்டுகளைக்கூட மறுபடி வாங்கிவிட்டேன்.

ஆனால் மூன்றாவது வாரம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். தம்பி கட்டுப்போட்ட முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். கையை நீட்டித் தேடினார். நான் என் கையைக் கொடுத்தேன்.

"அண்ணி, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"எதை தம்பி?"

"துண்டு மாறிப்போச்சு, அவ்ளோதானே. எல்லாம் ஒரே கலர். நீங்க பாவம், வயசாகுது, நானூறு துண்டுல எத்தனையத்தான் பாப்பீங்க? தப்பு நடக்கறதுதான். நான் உங்கமேல கேஸ் கீஸெல்லாம் குடுக்க மாட்டேன். மன்னிச்சுட்டேன்."

அவருடைய மனைவி அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரர் அவரைப் பெரிய மனசு என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

என்னை எதற்கு மன்னித்தார் என்று பாருங்கள். கவனக்குறைவுக்கு. பதினோரு வருடத்தில் ஒரு துண்டு மாற்றி வைக்காத என்னை, துண்டு மாற்றி வைத்ததற்காக மன்னிக்கிறார். என் கடையை எடுத்துக்கொண்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. இதற்கு மன்னிப்பு. வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் போன அன்றுகூட நான் அப்படி உட்காரவில்லை.

அடுத்த நாள் உங்கள் அறிக்கையின் நகலை அனுப்பி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். 'ஒரே நிறத்திலான மலிவு விலைத் துண்டுகள் சலவை ஊழியரால் தவறுதலாகக் கலக்கப்பட்டதால் நேர்ந்த விபத்து.' அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. அவை நல்ல துண்டுகள். நான் ஊழியர் இல்லை. எதுவும் கலக்கவில்லை. விபத்தும் இல்லை. இந்த மேஜையில் அந்தத் துண்டு இருக்கிறது, ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். மூலையைக் கையுறையோடு தடவிப் பாருங்கள். நான்கு தையல். தெரிந்து எடுத்தேன், தெரிந்து வைத்தேன். போலீஸுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சரியாகச் செய்த வேலையைத் தப்பு என்று சொல்லிக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

அவருடைய மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது தப்பாகப் பேசக் கூடாது.

நாலு வயதுக் குழந்தை. என்னைப் பெரியம்மா என்பாள். அன்றைக்குத் தன் முகத்துக்குப் பதிலாக அவள் முகத்தைத் துடைத்துக் காட்டலாம் என்று தம்பிக்குக் கடைசி நிமிடத்தில் தோன்றிவிட்டது. அது எனக்கு முன்னால் தெரியாது. துண்டைக் கையில் எடுத்த பிறகுதான் கூப்பிட்டார். அவள் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி, அவள இப்படி முன்னாடி அனுப்புங்க" என்றார். அவள் திமிறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "சரி, நானே தொடச்சுக்கறேன்" என்று அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

குழந்தையை நான் தொட விட்டிருக்க மாட்டேன். வாயைத் திறக்கத்தான் போனேன், அதற்குள் அவள் ஓடிவிட்டாள். வீடியோவில் என் இரண்டு கையும் அவள் முதுகில் இருப்பது தெரியும். அது அவளைப் பிடித்துக்கொள்வதற்காக வைத்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் நீங்கள் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.