மாப்பிள்ளைத் தொண்டையும் ரெண்டு நிறக் குளிசையும்

— கொத்தமல்லியா? சாய்ந்தமருதில இரிந்து பஸ்ஸேறி வந்து, எட்டு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணி வரைக்கும் வாங்கில குந்தி இரிந்தது கொத்தமல்லித் தண்ணிக்கா டொக்டர்? அது எங்கட குசினியில ஒரு டின் நிறையக் கிடக்கு.

— அப்ப நல்லதாப் போச்சு, சல்மா உம்மா. வேர்க்கொம்பும் போட்டு அவிச்சுக் குடுங்க. உப்புத் தண்ணியால தொண்டையக் கொப்புளிக்கட்டும். நாளைக்குக் கலியாணக் காவின் வரைக்கும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை கதைக்கப்படாது. அதுதான் பெரிய மருந்து.

— இதச் சொல்ல ஒரு டொக்டர் வேணுமா? எங்கட தெருவு மருத்துவிச்சியே சொல்லுவா, கழுத்துல குழாய் போடாம.

— குழாய் வெச்சுப் பாத்துத்தானே சொல்றன்.

— டொக்டர் மகன், கொஞ்சம் யோசிங்க. நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு காவின். நூறு பேர் சூழ இரிக்க, என்ட மனிசன், பொண்ணுட வாப்பா, மாப்பிள்ளைட கையப் புடிச்சிக் கேப்பார். இந்தா இரிக்கிற சரீப், 'கபில்த்து' எண்டு மறுமொழி சொல்லணும். ஏற்றுக்கொண்டன் எண்டு ரெண்டு சாட்சிக்கும் காது கேக்கச் சொல்லணும். தலையாட்டினாக் காவின் ஆகுமா?

— அதப் பள்ளிவாசல் லெப்பையிட்டத்தான் கேக்கணும்.

— கேட்டன். 'கிதாபு பாத்துச் சொல்றன்' எண்டார். அவர் பாத்து முடிக்கக்குள்ள என்ட மகள் கிழவியாயிடுவாள்.

— சரீப், வாய இன்னொருக்காத் திறங்க. ஆ எண்டு. சத்தம் வராட்டிப் பரவாயில்ல. ம்ம். காய்ச்சல் இல்ல, கழுத்துல நெறியும் கட்டல்ல. தொண்டை நல்லாச் சிவந்து கிடக்கு. வைரஸ்தான். எத்தினை நாளா இப்படி?

— அவருக்குத்தான் குரலில்லையே, நான் சொல்றன். இண்டைக்கு மூணு நாள். நானும் சம்மந்தியும் ஊர்வலத்தப் பத்திக் கதைச்சித்திரிந்தம். மாப்பிள்ளை மருதமுனையில இரிந்து எங்கட ஊட்டுக்கு வரணுமே. அவ, கார் எண்டா. நான், சம்மாந்துறையில இரிந்து என்ட தம்பி புது ட்ரக்டரச் சோடிச்சி அனுப்புறான், அதுலதான் எண்டன். சண்டையெண்டு இல்ல, சும்மா கதைதான். நாலு ஊட்டுக்குக் கேட்டிச்சி. கடைசியா, 'மாப்பிள்ளையே சொல்லட்டும்' எண்டு ரெண்டு பேரும் அவர்ட பக்கம் திரும்பினம். மாப்பிள்ளை வாயத் திறந்தார். காத்துத்தான் வந்திச்சி. கண் பட்டுத்து டொக்டர், ஊர்க் கண்.

— கண்ணெல்லாம் ஒண்டுமில்ல. வைரஸ் திடீரெண்டுதான் வரும்.

— அப்ப அந்த ரெண்டு நிறக் குளிசையத் தாங்க. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. சூறாவளிக்கு அடுத்த மாசம் என்ட மனிசனுக்குத் தடிமன். சந்தையடி அப்போதிக்கரி, கனகரெத்தினம் ஐயா, மூஞ்சப் பாத்ததும் அந்தக் குளிசைய எழுதினார். ஏழாம் நாள் மனிசன் தோணி தள்ளப் போய்த்தார்.

— குளிசை குடிக்காட்டியும் ஏழாம் நாள் போயிருப்பார். தடிமன்ட ஆயுசு அவ்வளவுதான்.

— குடிச்சாலும் சுகம், குடிக்காட்டியும் சுகம். அப்ப இந்த மேசையும் கதிரையும் என்னத்துக்கு மகன்?

— பாருங்க உம்மா. வயல்ல புல்லுக்கு அடிக்கிற மருந்து ஒண்டு, பூச்சிக்கு அடிக்கிறது வேற. புல்லு மருந்துக்குப் பூச்சி சாகுமா?

— சாகாது.

— அதேதான். இந்தக் குளிசை பற்றீரியா எண்ட கிருமிக்கு. மாப்பிள்ளைக்கு இருக்கிறது வைரஸ், அது வேற சாதி. அதுக்கு இந்தக் குளிசை ஒரு பொருட்டேயில்ல.

— எங்கட வாப்பா ரெண்டு மருந்தையும் ஒண்டாக் கலக்கித்தான் அடிப்பார். எது இரிக்கோ அது சாகட்டும் எண்டு.

— அப்படி அடிச்சடிச்சித்தான் இப்ப எந்த மருந்துக்கும் பூச்சி சாகுதில்ல. கிருமியும் அப்படித்தான். வேணாத நேரம் குடுத்துப் பழக்கினா, வேணுமான நேரம் குளிசை வேலை செய்யாது.

— அது அடுத்த போகத்துப் பிரச்சின. எனக்கு நாளைக்கு அறுவடை.

— வயித்தோட்டமும் வரும். காவின்ல கையப் புடிச்சிட்டு இருக்கக்குள்ள மாப்பிள்ளை எழும்பி ஓடினா என்ன செய்வீங்க?

— 'கபில்த்து' எண்டு சொல்லிப்போட்டு எங்க வேணுமெண்டாலும் ஓடட்டும்.

— யா அல்லாஹ்!

— ஒண்டு கேக்கன். கனகரெத்தினம் ஐயாக்கு இந்தப் பூச்சிக் கதையெல்லாம் தெரியாதா? அவர் ஏன் எழுதுறார்?

— நல்லாத் தெரியும். அதோட உங்களப் போல உம்மாமாரையும் அவருக்கு முப்பது வருஷமாத் தெரியும்.

— அப்ப அவருக்குப் புத்தி இரிக்கி. சரி, நீங்க சொல்றதையே எடுப்பம். இது வைரஸ்தான் எண்டு வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணுங்க. நான் எழும்பிப் போறன்.

— சத்தியமா?

— ஓம். ரோசமுள்ள டொக்டர்தானே.

— நூத்துக்குத் தொண்ணூறு வைரஸ்.

— மிச்சப் பத்து?

— அதுக்குத் தொண்டையில பஞ்சால தொட்டு, கொழும்புக்கு அனுப்பிப் பாக்கணும். மறுமொழி வர எட்டு நாளாகும்.

— எட்டாம் நாள் அந்தக் கடதாசியத் தூக்கித்து, அவுத்த பந்தலுக்கு வருவீங்களா? அந்தப் பத்துக்குத்தான் குளிசை கேக்கன். நாளைக்குக் குரல் வராட்டி ஊர் என்ன சொல்லும் தெரியுமா? நிந்தவூரில இரிந்து வந்த மர்சூக் டொக்டர் ஒரு குளிசைக்கு லோபித்தனம் பண்ணி ஒரு கலியாணத்தையே குழப்பிப் போட்டார் எண்டு சொல்லும். கொத்தமல்லி குடுத்துக் குரல் வந்தா மட்டும் ஆரு உங்களுக்குப் பேர் குடுப்பா? எல்லாரும் கொத்தமல்லிக்குத்தான் குடுப்பாங்க.

— உம்மா, வெளிய இன்னும் முப்பது பேர் இருக்காங்க.

— இரிக்கட்டும். உங்கட உம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். நாளைக்கு உங்களுக்குப் பொண்ணு பாக்க அவ எங்கட தெருவுக்குத்தான் வருவா. அப்ப என்னையத்தான் முதல்ல விசாரிப்பா.

— சரீப், கேட்டீங்களா? பேராதனையில அஞ்சு வருஷம் படிச்சன் தம்பி. இந்தக் கேள்விக்கு ஒரு பேராசிரியரும் மறுமொழி சொல்லித் தரல்ல. எழுதிக் குடுக்க அரை நிமிஷம், எழுதாம விட அரை மணித்தியாலம்.

— அப்ப எழுதுங்க.

— எழுதிட்டன். உங்களுக்காக இல்ல, அந்தப் பத்துக்காக. அஞ்சு நாளும் விடாமக் குடிக்கணும். இந்தத் துண்டை யன்னலடியில காலிதீனிட்டக் குடுங்க, குளிசை எண்ணித் தருவார்.

— அல்ஹம்துலில்லாஹ். என்ட சீதேவி! எத்தினை மணிக்கு வேலை செய்யும்?

— வேலை செய்யிறதெண்டாலும் ரெண்டு நாளாகும்.

— நாளைக்கெல்லவா காவின்! அப்ப ஊசியும் ஒண்டு போட்டு விடுங்க.

— உம்மா!

— குளிசை எழுதின கைதானே. ஊசிக்கு மட்டும் என்ன வெக்கம்?

— சரி, போடுறன். என்ட மானம் இண்டைக்கு முழுசாப் போகட்டும். பெனிசிலின், இடுப்புல போடணும். நீங்க வெளிய போய் இருங்க.

— போறன். மாப்பிள்ளைட உம்மா வாங்கில இரிக்கா. தானும் உள்ள வருவன் எண்டு நிண்டா, நான் விடல்ல. ஊசி போட வெச்சது நான்தான் எண்டு அவக்கிட்டச் சொல்லணும்.

— சொல்லுங்க. கதவச் சாத்திட்டுப் போங்க.

— பயப்படாதீங்க மருமகன். யாஸீன் ஓதிக்கங்க, மனசுக்குள்ள.

— ம். போய்ட்டா. சரீப், மன்னிக்கணும் தம்பி. உங்களுக்குத் தேவையில்லாத ஊசிதான். எனக்கே கேவலமா இருக்கு. ஆனா உங்கட மாமிட வாய்க்கு என்னால ஈடு குடுக்க ஏலாது. இது கொஞ்சம் மொத்த ஊசி, எரியும். சாரனை ஒரு பக்கம் இறக்குங்க.

— ஐயோ டொக்டர், வேணாம்!

— ஆரது கதைச்ச?

— நான்தான். மெல்லமாக் கதைங்க, ரெண்டு பேரும் வாசலடியில இரிக்காங்க. என்ட தொண்டைக்கு ஒரு குறையுமில்ல.

— தொண்டை சிவந்திருந்திச்சே! என்ட கண்ணால பாத்தன்!

— அது வெத்திலை டொக்டர். உள்ள வர முந்தி, வாங்கில இரிந்து மெண்டு சாறை முழுங்கினன்.

— அப்ப மூணு நாளா?

— கார் எண்டு சொன்னா, சாகும் வரைக்கும் மாமிட ஊட்டுச் சோறு எனக்குத் தொண்டையால இறங்காது. ட்ரக்டர் எண்டு சொன்னா, உம்மா தந்த பாலைத் திருப்பிக் கேப்பா. நான் என்ன செய்ய? வாயத் திறந்தன், பயத்துல மூடிப்போட்டன்.

— நான் வைரஸ் எண்டனே! நூத்துக்குத் தொண்ணூறு எண்டனே!

— அத மாத்திப் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். குளிசையும் வேணாம், ஊசியும் வேணாம். மொதல்ல ஒரு மருந்து சொன்னீங்களே, நாளைக்குக் காவின் வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கப்படாதெண்டு? அத மட்டும் வெளிய போய், ரெண்டு பேருக்கும் கேக்க உரத்துச் சொல்லுங்க டொக்டர்.